பால் காய்ச்சிய வீடுகள்

வார்டு கூட்டத்தில் பேச எழுந்த பெரியவருக்கு வேட்டி அவிழ்ந்துகொண்டது. தெருவிளக்கு எரியவில்லை என்று கையை உயர்த்தியவர், உயர்த்திய கையை இறக்குவதற்குள் வேட்டி இடுப்பை விட்டு நழுவிவிட்டது. முன்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பப் பார்த்தது. அந்த நொடியில் மேடை மேஜையிலிருந்து காகிதக் கட்டு ஒன்று தொப்பென்று விழுந்து, மின்விசிறிக் காற்றில் நாலு திசையும் பறந்தது. "என் கைய பாரேன், ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே கவுன்சிலரம்மா குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். கூட்டமே காகிதத்தின் பின்னால் ஓடியது. பெரியவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாரும் கவனிக்கவில்லை என்ற தெம்பில், விட்ட இடத்திலிருந்து விளக்கைப் பற்றிப் பேசினார்.

நான் கடைசி வரிசையில் சுவரோரமாக நின்றிருந்தேன். காகிதம் தானாக விழவில்லை. கவுன்சிலரம்மாதான் முழங்கையால் தள்ளினார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முகமில்லை, குரலில்லை, அந்த முழங்கைதான். கறுத்து, காய்ந்து, சாணித் தூள் ஒட்டிய முழங்கை. இன்னொருவர் முகம் சிறுத்துப்போவதை அவரால் பார்க்க முடியாது. அடுத்தவர் வெயிலில் நிற்கப் பொறுக்காமல் தன் குடையைக் கொடுத்துவிட்டுத் தான் காய்கிறவர்கள் உண்டல்லவா, அப்படி, அடுத்தவர் வெட்கத்தை வாங்கித் தன் தலையில் போட்டுக்கொள்வார்.

ரேஷன் கடையில் ஒரு நாள். நெசவு நெய்து நெய்து கட்டைவிரல் ரேகை அழிந்துபோன கிழவி ஒருத்தி மிஷினில் விரலை வைக்கிறாள், எடுக்கிறாள், வைக்கிறாள். மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை. வரிசை முணுமுணுக்கிறது. எவனோ, "ஆயா, உன் விரல மாத்திக்கினு வா" என்கிறான். கவுன்சிலரம்மா பின்னாலிருந்து வந்து தன் விரலை மிஷினில் வைத்தார். அது கத்தியது. இன்னொரு தடவை வைத்தார். இன்னொரு தடவை கத்தியது. அது கத்தாமல் என்ன செய்யும், அது அவருடைய கடையே இல்லையே, அவர் அட்டை வேறு கடையில். "பாருபா, என்னுதும் எடுக்கல. மிஷினுக்குத்தான் கண்ணு தெரியல" என்றார். வரிசை மிஷினைப் பார்த்துச் சிரித்தது. கிழவியும் சிரித்தாள்.

ஒல்லியான உடம்பு. நடக்கும்போது தனக்கு முன்னால் ஒரு மாடு போவது போலவே நடப்பார். அவசரமில்லாமல், வலக்கையை ஓரமாக வீசி, எதையோ ஓட்டிக்கொண்டு. பல வருஷம் உண்மையிலேயே மாடு போய்க்கொண்டிருந்தது. கவுன்சிலரான பிறகு, மன்றக் கூட்டத்துக்குப் பட்டுச்சேலை கட்டிப் போன நாளிலும் அந்த நடை மாறவில்லை. மாட்டுக்குச் செவலை என்று பேர். ஓடையோரம் எவனாவது குடித்துவிட்டு விழுந்து கிடந்தால், அவனைத் தாண்டும்போது அவர் கண் மாட்டின் மேல்தான் இருக்கும். "ஏ செவல, அங்க இன்னா பண்ற" என்று சும்மா போகிற மாட்டை அதட்டிக்கொண்டே போய்விடுவார். சற்று நேரத்தில் விழுந்து கிடந்தவன் வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். யார் சொல்லி வந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

இப்போது அவர் இங்கே இல்லை. மகளோடு வாலாஜாபாத் பக்கம் போய்விட்டார் என்கிறார்கள். போகும்போது எங்கள் தெருவில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரி நாங்களும் வைத்துக்கொள்ளவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் ஓடை. வேகவதிக்குப் போய்ச் சேருகிற சின்ன ஓடை. வெயில் காலத்தில் அது இருப்பதே தெரியாது. பிளாஸ்டிக் பை, சாயத்தண்ணி, முள்செடி, நடுவில் தாண்டிவிடக்கூடிய ஒரு கறுப்புக் கோடு. மழைக்காலத்தில் அதைத் தாண்டுவது பற்றிப் பேசவே வேண்டாம். எங்கள் வீடுகளின் கொல்லைக்கும் ஓடைக்கும் நடுவே புல் முளைத்த ஒரு சரிவு. எப்போதோ யாரோ வரகு போட்ட நிலம். ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி. கவுன்சிலரம்மா காலனிக்காரர். சரிவு எங்கள் பக்கம் இருந்தாலும் அதில் மேய்ந்தது அவருடைய மாடுகள்தான்.

அந்த மாடுகளின் பாலைத்தான் எங்கள் தெரு குடித்தது. முதலில் அவரே கேனைத் தூக்கிக்கொண்டு வருவார். பிற்பாடு அவர் வீட்டுக்காரர் மொபெட்டில் வந்தார். பாம் பாம் என்று ரப்பர் ஹாரன். பாத்திரத்தோடு நாங்கள் வெளியே வருவோம். வாசல்படிக்கு வெளியிலேயே பால் கைமாறும். பாலை உள்ளே விட்ட தெரு, பால்காரம்மாவை உள்ளே கூப்பிட்டது அவர் கவுன்சிலரான பிறகுதான். அதற்கு முன் 'வா, போ' என்று பேசிய வாய்களெல்லாம், என் அம்மா வாய் உட்பட, தேர்தல் முடிவு வந்த அன்றைக்கு 'வாங்கம்மா' என்று திருந்திக்கொண்டன. அவர் அதற்காகக் கூசினார். எங்களுக்காக. நாங்கள் கூசவில்லை.

ஊருக்குப் புதிதாக மாஸ்டர் பிளான் போடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு இளம்பெண் அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வரைபடத்தோடு வந்தார். நாலு பெஞ்சை ஒன்றாய்ப் போட்டு விரித்தார்கள். வீடுகள் மஞ்சள், கடைகள் சிவப்பு, கோயில்கள் தனி நிறம். எங்கள் ஓடை நீலத்தில் ஒரு நூல். கவுன்சிலரம்மா அந்த நூலின் மேல் விரலை வைத்தார். விரல் அதை முழுசாக மறைத்துவிட்டது.

"இது இவ்ளோதான்னு ஓடைக்கு யாரு சொல்றதுங்க?" என்று கேட்டார்.

அதிகாரி சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஓடையின் இரண்டு கரையிலும் ஒரு பட்டை நிலத்தைப் பச்சையில் குறிக்கலாம். அதில் கட்டடம் வராது. மரம் இருக்கலாம், மாடு மேயலாம், ஆள் நடக்கலாம். ஏற்கெனவே வீடு இருந்தால் இருக்கும், புதிசாக எழும்பக் கூடாது. ஊர் ஒத்துக்கொண்டு மன்றம் தீர்மானம் அனுப்பினால் திட்டத்தில் சேர்த்துவிடலாம்.

அன்றைக்கு அவர் பேசியதை நான் மறக்கவில்லை. மைக் பிடிக்கத் தெரியாது. வாயிலிருந்து தள்ளி, பால் அளக்கிற ஆழாக்கைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார்.

"மழத்தண்ணி வருஷத்துக்கு ஒரு தபா வர்ற விருந்தாளிபா. நம்ம ஊட்டுக்கு விருந்தாளி வந்தா பாய் போடறோம் இல்ல? அதுக்குன்னு ஒரு எடம் ஒழிச்சி வெக்கறோம் இல்ல? அந்த சரிவு அதுக்குப் போட்ட பாயி. அத நம்ம சுருட்டிட்டோம்னா, அது வந்து நம்ம பாயிலதான் படுக்கும். உங்க தறிக்குழில படுக்கும். எங்க காலனில படுக்கும்."

தெருவே சிரித்தது. தறிக்குழியில் தண்ணீர் ஊறுவது எங்களுக்குத் தெரியாததா? காலை விட்டு மிதிக்கிற பள்ளத்தில் ஐப்பசி மாதம் தவளை கிடக்கும். எல்லோரும் கையைத் தூக்கினோம். நானும் தூக்கினேன். என் தம்பியும் தூக்கினான்.

தூக்கிய கையை இறக்கி வீட்டுக்கு வருவதற்குள் தெருவுக்கு வேறு யோசனை வந்துவிட்டது. ஏற்கெனவே வீடு இருந்தால் இருக்கும். அப்படியானால் வீடு என்பது எது? அதிகாரியிடம் அதற்கு ஏதோ விளக்கம் இருந்திருக்கும். எங்கள் தெருவிடம் அதைவிடப் பழைய விளக்கம் இருந்தது. பால் காய்ச்சினால் வீடு. கூரை இல்லாவிட்டாலும், கதவு இல்லாவிட்டாலும், பால் பொங்கிவிட்டால் அது வீடுதான், அதை இடிப்பது பாவம். சரிவு நிலத்தை வைத்திருந்தவரும் துண்டு துண்டாகக் கொடுக்கத் தயாராக இருந்தார். திட்டம் முடிவாவதற்குள் சுவர் எழுப்பிப் பாலைக் காய்ச்சிவிட வேண்டும். காய்ச்சுகிற அன்று கவுன்சிலரம்மாவை அழைத்து உள்ளே உட்காரவைத்து முதல் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

"பாலு குடிச்ச வாயால இடின்னு சொல்ல மாட்டாங்கபா" என்றார் என் சித்தப்பா. கவுன்சிலரம்மாவை அளந்து வைத்திருந்தார்கள். அவரால் யார் முகத்தையும் சிறுக்கவைக்க முடியாது என்பது ஊருக்கே தெரியும். அவர் நல்லவர் என்பதை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம். கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எங்களுக்குத் தெரியவில்லை.

சரிவில் எழுந்த முதல் வீட்டுக்குக் கூரை கிடையாது. பொட்டுப் பொட்டாகத் தூறல் விழ, அடுப்புக்கு மேலே ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நிற்க, பால் பொங்கியது. சம்பிரதாயத்துக்கு மாட்டை உள்ளே ஓட்டினார்கள். செவலைதான். வாசல் வழியாக மகாலட்சுமி போல நுழைந்த செவலை, பின்சுவர் இன்னும் எழும்பாததால் நேராக வெளியேறி ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கவுன்சிலரம்மாவும் சிரித்தார். வெள்ளி டம்ளர் அவர் கைக்கு வந்தது. அவர் மாட்டின் பால், அவர் வீட்டுக்காரர் விடிகாலையில் கொண்டுவந்து கொடுத்த பால், சர்க்கரை போட்டு, ஏலக்காய் போட்டு அவர் கைக்கே திரும்பி வந்தது. ஒரே மூச்சில் குடித்தார். "நல்லா இருங்கபா" என்றார். சொல்லும்போது தலை குனிந்திருந்தது.

அப்புறம் இரண்டாவது வீடு. அப்புறம் மூன்றாவது. சரிவு சுருண்டுகொண்டே வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவர் குடித்தார். குடித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போகாமல் ஓடைப் பக்கம் போய் நிற்பார். முதுகு மட்டும் தெரியும்.

ஒருமுறை கேட்டேவிட்டேன். கேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பட்டை வேண்டும் என்று சொன்னதும் நீங்கள்தான், பட்டையில் பால் குடிப்பதும் நீங்கள்தான், இது என்ன கணக்கு என்று கேட்டேன். அவர் கேனுக்குள் கையை விட்டு வெகுநேரம் தேய்த்தார்.

"எங்கம்மாவுக்கு உங்க தெருவுல கொல்லப்பக்கமா கூப்ட்டு, குனிய வெச்சி, கைலதான் தண்ணி ஊத்துவாங்கபா. எனக்கு கூடத்துல உக்கார வெச்சி வெள்ளி டம்ளர். எப்டி வேணாங்கறது?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, உடனே சிரித்து, "அது அந்தக் காலம், உட்டுத் தள்ளு. கேன்ல ஓட்ட இருக்குது போல, பாரேன்" என்று கேனை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கேனில் ஓட்டை எதுவும் இல்லை. நான் பார்ப்பதற்கு வேறு ஒன்றைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்த ஐப்பசியில் விருந்தாளி வந்தது.

பாய் இல்லை. பாய் இருந்த இடத்தில் சுவர்கள். மீதிப் புல்லில் தண்ணீர் ஏறாதபடி, வீடு கட்டக் கொட்டிய மண் மேடாகக் கிடந்தது. ஓடை எங்கள் பக்கம் ஏறிப் பார்த்தது, புதுச் சுவர்களில் முட்டியது, திரும்பி அந்தப் பக்கம் போய்விட்டது. எங்கள் தறிக்குழிகளில் ஊறியதோடு எங்கள் பங்கு முடிந்தது. காலனியில் கட்டில் மிதந்தது. கோழிகள் செத்தன. படிக்கிற பிள்ளைகளின் புத்தகப் பைகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. கவுன்சிலரம்மாவின் மாடுகளைப் பாலத்து மேட்டில் கட்டியிருந்தார்கள். சனங்களையெல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள், வரைபடம் விரித்த அதே கூடத்தில்.

நானும் தம்பியும் ரொட்டிப் பாக்கெட்டுகள் எடுத்துக்கொண்டு போனோம். எங்கள் தெருக்காரர்கள் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். கவுன்சிலரம்மா ஈரச் சேலையோடு பால்பவுடர் கரைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்கபா, உங்க தறிக்குழி எப்டி இருக்குது?" என்று விசாரித்தார். அப்போதுதான் அவருடைய நாத்தனார் எழுந்து நின்றாள். ஈரத் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே, நிதானமாக, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நீ அவுங்க ஊட்ல குடிச்ச பாலுதான் அண்ணி, இப்ப நம்ம ஊட்ல தண்ணியா நிக்குது."

கவுன்சிலரம்மாவின் கையில் கரண்டி நின்றுபோனது. ஊரில் எத்தனையோ பேர் முகத்தைக் காப்பாற்றிய மனுஷி, அத்தனை பேருக்கு நடுவில், எங்கள் கண்ணெதிரே, முகம் சிறுத்து நின்றார். யாராவது ஒரு தட்டைக் கீழே போட்டிருக்கலாம். ஒரு இருமல் போதும். என் கைநிறைய ரொட்டிப் பாக்கெட்டுகள் இருந்தன, அவற்றை நழுவவிட்டிருந்தால்கூடப் போதும். அவற்றை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்கு முழங்கை கொடுக்க அந்தக் கூடத்தில் ஒருவர் இல்லை.

மறுநாள் காலை, சேறு காயாத எங்கள் தெருவில், பாம் பாம் என்று மொபெட் ஹாரன் கேட்டது. பாத்திரங்களோடு வெளியே வந்தோம்.

என் தம்பியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. எங்கள் வீடு ஒரே கூடம். அதில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் அம்மா, நான், அவன், அவன் மனைவி, குழந்தை. கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குப் போக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை செய்துவிட்டு பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டே வருவான். சரிவின் கடைசித் துண்டு அவன் வாங்கியது. அதற்கு அப்பால் ஓடை திரும்புகிற முனைவரைக்கும் வெறும் புல். மழைக்கு முன்பே மூன்று சுவர் எழுப்பியிருந்தான். தை பிறந்ததும் பால் காய்ச்ச நாள் குறித்தோம். அதற்குப் பின்னால் இன்னும் எட்டுப்பத்துக் குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. இது முடியட்டும், நாமும் புல்லில் இறங்கலாம் என்று.

தாம்பூலத் தட்டோடு அம்மாவும் நானும் காலனிக்குப் போனோம். அம்மா தன் வாழ்நாளில் அந்தப் பாலத்தைத் தாண்டியது அதுதான் முதல்முறை. கவுன்சிலரம்மா வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை காலண்டருக்குக் கீழே கோடு போட்டிருந்தது. அதற்குக் கீழே சுவர் ஒரு நிறம், மேலே ஒரு நிறம். அவர் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். அம்மா தட்டை நீட்டி, நீங்கள் வந்து முதல் டம்ளர் குடித்தால்தான் எங்களுக்கு வீடு என்றாள். தட்டைக் கையில் வாங்கிவிட்டால் வார்த்தை கொடுத்த மாதிரி. அது அவருக்கும் தெரியும்.

அவர் கையைச் சேலையில் துடைத்தார். மறுபடி துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கை சாணிமா. அப்டி வைங்க. வர்றேன்."

அம்மா தட்டை வைக்கோல் கட்டின் மேல் வைத்தாள். செவலை எட்டி ஒரு வெற்றிலையை இழுத்துத் தின்றது. திரும்பி வரும்போது பாலத்தில் நின்று அம்மா சொன்னாள்: "தட்ட கைல வாங்கல, பாத்தியா."

பால் காய்ச்சும் அன்று விடிகாலையில் மொபெட் வந்தது, பால் வரவில்லை. மாடு கறக்கவிடவில்லை என்று அவர் வீட்டுக்காரர் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். பாக்கெட் பாலை வாங்கிக் காய்ச்சினோம். அதுவும் பொங்கியது. உறவுக்காரர்கள் புல்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை வெறும் மண்ணில், எது கூடம் எது அறை என்று கோடு கிழித்து வைத்திருந்த சுண்ணாம்பைக் காலால் அழித்துக்கொண்டிருந்தது.

கவுன்சிலரம்மா வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். வாசற்கால் நட்டிருந்த இடம்வரை வந்து நின்றுவிட்டார். உள்ளே வாங்க, உள்ளே வாங்க என்று ஆளுக்கு ஆள் கூப்பிட்டோம். ஒரு பக்கம் சுவரே இல்லாவிட்டாலும், உள்ளே என்று ஒன்று இருக்கிறதென்று அவர் நின்ற இடத்தைப் பார்த்தால்தான் தெரிந்தது. அம்மா டம்ளரை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். உதடுவரை கொண்டுபோனார். டம்ளர் ஆடியது, பால் அலம்பி விரலில் வழிந்தது. சூடு தாங்காமல்தான் ஆடுகிறது என்று நினைத்தேன். பால் எப்போதோ ஆறியிருந்தது.

குடிக்காமல், பாதியில் நின்றிருந்த சுவரின் மேல் டம்ளரை வைத்தார். விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் பார்த்து வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கமா. இத நான் குடிக்கக் கூடாது" என்றார். பிறகு என் தம்பியிடம் திரும்பினார். "தம்பி, இதோட நிறுத்திக்கபா. அடுத்த கூட்டத்துல இந்த எடத்துலேர்ந்து அந்த முனை வரிக்கும் பச்சையாவே உடணும்னு கேக்கப் போறேன். உனுக்கு ஊடு இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் சொல்றேன்."

தம்பி மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊரைக் கூட்டிவைத்து எங்கள் முகத்தை ஒருவர் சிறுக்கவைத்துவிட்டார். அதுவும் யார், அந்த வேலையே தெரியாதவர்.

அப்போது சித்தப்பா சொன்னார். மெல்லத்தான் சொன்னார். ஆனால் கேட்கட்டும் என்றே சொன்னார்.

"ஊட்டுக்குள்ள கூப்ட்டதே பெருசு. இதுல பிகு வேற."

சொன்ன சொல் கூரையில்லாத அந்த வீட்டில் எதிலும் மோதி விழாமல் அப்படியே நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. சித்தப்பாவுக்கே தன் நாக்கு நீண்டது உறைத்துவிட்டது போல, துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். கவுன்சிலரம்மா அவரைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு இடுப்பில் செருகியிருந்த செல்போனை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்மா, போன் அடிக்குது" என்று காதில் வைத்துக்கொண்டு, "ஆங், சொல்லுபா, கேக்குது, கேக்குது" என்று பேசியபடியே நடந்து போனார். எந்த போனும் அடிக்கவில்லை. எதுவும் தன் காதில் விழவில்லை என்று சித்தப்பா நம்பிக்கொள்வதற்காக, சரிவு முடிகிறவரை யாருமில்லாத போனில் பேசிக்கொண்டே போனார்.

சுவரின் மேல் வைத்த டம்ளரை யாரும் எடுக்கவில்லை. பாலில் ஏடு படிந்தது. ஏட்டில் ஒரு எறும்பு நடந்தது.

மன்றத்தில் அவர் கேட்டார். தீர்மானம் போயிற்று. பால் காய்ச்சிய வீடுகள் மஞ்சளில் நின்றன. தம்பியின் மூன்று சுவரிலிருந்து ஓடை திரும்பும் முனைவரை பச்சை; அங்கே கொட்டிக் கிடந்த மண்ணை மன்றத்து ஆட்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். காத்திருந்த குடும்பங்கள் புல்லில் இறங்கவில்லை. பால் குடிக்க ஆள் வராத இடத்தில் எப்படி வீடு கட்டுவது?

தெரு தன் தீர்மானத்தைத் தானே போட்டுக்கொண்டது. யாரும் கூடிப் பேசவில்லை. கதவுகளில் துணிப்பைகள் தொங்க ஆரம்பித்தன; அதில் பாக்கெட் பால் விழுந்தது. கல்யாணம், காதுகுத்து, எதற்கும் தட்டு பாலத்தைத் தாண்டவில்லை. 'வாங்கம்மா' மறுபடி 'வா'வாகச் சுருங்கியது. மொபெட் ஹாரன் கொஞ்ச நாள் பழக்கத்துக்கு அடித்தது, அப்புறம் நின்றுவிட்டது. செவலையை வந்தவாசிப் பக்கம் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். கேள்விப்பட்டதோடு சரி. எங்கள் வீட்டுக் கதவிலும் பை தொங்கியது. அதை மாட்ட ஆணி அடித்தது நான். அவரோ எங்கள் தெருவில் எப்போதும்போல நடந்தார், பாட்டி எப்படி இருக்கிறார், பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று விசாரித்துக்கொண்டு. பதில் சொல்லாதவர்களைப் பதில் சொன்னதாக எடுத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போவார்.

அடுத்த ஐப்பசி, முந்தியதைவிடக் கனமாகவே பெய்தது. இரண்டாம் நாள் மதியம் மழை விட்டதும் கொல்லை வழியாக இறங்கிப் போனேன். தறிக்குழியில் ஈரம்தான் இருந்தது, தண்ணீர் இல்லை. காலனியில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. தண்ணீரெல்லாம் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. புல்வெளி முழுக்க, தம்பியின் மூன்று சுவருக்குள்ளும் புகுந்து, அவனுடைய கூடத்தில், அவனும் மனைவியும் பேசிக்கொள்ள நினைத்த அறையில், கலங்கிப் பழுப்பாகப் படுத்திருந்தது. காற்றடித்தால் லேசாகப் புரண்டது. நல்ல தூக்கம்.

எதிர்க்கரையில் அவர் நடந்து வந்துகொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். நின்று நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார், விருந்தாளிக்குப் போர்வை போதுமா என்று எட்டிப் பார்க்கிற மாதிரி. இடையில் அந்தத் தண்ணீர். நான் ஏதாவது சொல்ல வேண்டும். எத்தனை மாதத்துச் சொல். 'அக்கா' என்று கூப்பிடலாமா, அப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்லையே, கூப்பிட்ட பிறகு என்ன சொல்வது, வாயைத் திறந்தேன், இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் சொல் வந்துவிடும் என்று சரிவில் ஒரு அடி வைத்தேன்.

வழுக்கிவிட்டது. கையை விரித்து, காலைப் பரப்பி, இந்த வயதில், இந்த உடம்போடு, சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தேன். ஒரு செருப்பு கழன்று தண்ணீரில் மிதந்து போனது. மூக்குக்கண்ணாடி முழுக்கச் சேறு.

அவர் பார்த்தார். பார்த்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. துடைத்த கண்ணாடிக்குள் அவர் முகம் நேராக என் பக்கம் இருந்தது. திட்டட்டும், சிரிக்கட்டும், இப்படியே கொஞ்சம் பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.

சட்டென்று அவர் திரும்பிக்கொண்டார். ஆளில்லாத புல் மேட்டைப் பார்த்து, கையை வீசி, சத்தமாகக் கூப்பிட்டார்:

"ஏ செவல, அங்க இன்னா பண்ற?"

அங்கே மாடு எதுவும் இல்லை. கையை ஓரமாக வீசியபடி, இல்லாத மாட்டை ஓட்டிக்கொண்டு, நான் எழுந்து நிற்பதற்கு வேண்டிய அளவு மெதுவாக, அவர் போய்க்கொண்டிருந்தார்.